ஏழாம் நம்பர் மெசினுக்குப் பெய்த மழை

கிட்ட வந்து குந்துங்கோ, இன்னும் கொஞ்சம் கிட்ட, முழங்காலோடு முழங்கால் முட்டினாலும் பரவாயில்லை, ஏனென்றால் இது உரத்துச் சொல்லுகிற கதை இல்லை. உரத்துச் சொன்னால் மேலே கேட்கும், மேலே கேட்டால் இறங்கி வந்துவிடும், பிறகு கொடியில் கிடக்கிற உடுப்பெல்லாம் நனைந்துபோச்சுதென்று என்னை ஏசக்கூடாது.

இத்திமடு என்றால் ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு மேலே சிவந்த சரளைக் கிறவல் மேடு, மேட்டில் நாற்பது வளவு. சண்டை ஓய்ந்து சனம் திரும்பி வந்தபோது வளவு இருந்தது, வேலி நின்ற அடையாளம் இருந்தது, தலையில்லாத தென்னைகூட இருந்தது, காலை வைக்க மட்டும் இடமில்லை. மண்ணுக்குள் மிதிவெடி கிடந்தது. அந்தப் பக்கம் புதைத்ததும் கிடந்தது, இந்தப் பக்கம் புதைத்ததும் கிடந்தது, மண்ணுக்கு எல்லாம் ஒரே பாரம்தான். அதைக் கிளறி எடுக்க வந்தவர்கள் பெண்டுகள். முகத்துக்குக் கண்ணாடி மூடியும் நெஞ்சுக்குப் பாரமான கவசமும் போட்டுக்கொண்டு, லேன் என்று அவர்கள் சொல்கிற ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள் ஒருத்தி ஒருத்தியாக முழங்காலில் இருந்து, புல்லை நறுக்கி, இரும்பைக் கண்டால் அழுகிற மெசினால் கேட்டு, விறாண்டியால் மெல்ல மெல்லச் சுரண்டி, ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் சுத்தமானால் அது நல்ல நாள் என்று எழும்பி வருவார்கள். வருகிறவர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றினேன். ஏழு வருசம் ஊற்றினேன். ஏழு வருசத்தில் முப்பத்தொன்பது வளவு சனத்தின் கைக்குப் போனது. நாற்பதாவது பூரணம் மாமியின் வளவு.

பூரணம் மாமியும் அவவின் மனிசன் வல்லிபுரத்தாரும் தங்கள் வளவுக்கு எதிரே, றோட்டுக்கரையில், ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தங்கள் கிணற்றுக்கட்டு தெரியும். போகத்தான் ஏலாது, நடுவில் சிவப்புத் தடியும் மண்டையோடு கீறின பலகையும். வல்லிபுரத்தாருக்கு மூச்சு இரைக்கிற வருத்தம், நெஞ்சில் பலமில்லை என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த மனிசன் காலமையில் கதிரையைக் கிணற்றைப் பார்க்கப் போட்டுக்கொண்டு இருந்தாரென்றால் பொழுதுபடும்வரை அப்படியே இருப்பார். வேலை முடிந்து வருகிற ஒவ்வொருத்தியையும் மறித்து, "இண்டைக்கு எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று கேட்பார். "மாதுளை நிண்ட இடம் வரைக்கும் அப்பு" என்று சொன்னால், "அதுக்கங்காலை எலுமிச்சை, அதுக்கங்காலை துவைக்கிற கல்லு, பேந்து கிணறு" என்று விரல் மடிப்பார்.

அந்த ஐப்பசி முடிவோடு எங்கள் ஆட்கள் இத்திமடுவை விட்டு மன்னாருக்குப் போகவேணும் என்று மேலிடத்துக் கட்டளை. முடிந்தது முடிந்ததுதான், முடியாதது தடிக்குள்ளேயே கிடக்கும், திரும்ப எப்போது வருவார்கள் என்று ஆருக்கும் தெரியாது. வல்லிபுரத்தாருடைய நெஞ்சு அவ்வளவு காலம் காத்திருக்காது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எலுமிச்சை நின்ற இடத்திலிருந்து கிணறு வரைக்கும் சுத்தக் கிறவல். கிறவலுக்குள் இரும்புச் சத்து இருக்கிறபடியால் மற்ற மெசினெல்லாம் அந்த மண்ணைக் கண்டாலே கத்தும், கல்லுக்கும் கத்தும், கரிக்கட்டைக்கும் கத்தும். ஏழாம் நம்பர் மெசின் ஒன்றுதான் கல்லுக்கு வாய் திறக்காது; ஆணிக்கு அழும், செல் துண்டுக்கு அழும், வெடிக்கு அழும். பழைய மெசின். கீழே தட்டு, நடுவே தடி, கைப்பிடியோடு ஒரு பெட்டி. அதைப் பதினொரு வருசமாகப் பிடித்தவள் பவளராணி, கதைக்கிறது குறைவு, யோசிக்கிறது கூட. ஈரம் புகுந்தால் மெசின் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பெட்டிக்கு இரண்டு சொப்பிங் பாக் போட்டு றப்பர் வளையத்தால் இறுக்கி, வாய்ப்பக்கத்தைக் கீழே பார்க்க விட்டு, வறுத்த அரிசியைச் சீலைப் பொட்டலமாக முடிந்து பெட்டிக்குள் வைத்து, பின்னேரத்தில் என் அடுப்புக்கு மூன்று அடி தள்ளி, சூடு படாமல் வெக்கை மட்டும் படுகிற இடத்தில் சாய்த்து வைப்பாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு மாதமாக ஒரு சொட்டு மழையில்லை, குளத்துக்குள் மாடு படுக்கிறது. வேலைக்குப் போகுமுன் மெசினுக்குக் குரல் இருக்குதோ என்று பார்க்கிறது சட்டம், ஆனபடியால் பவளராணி முகாம் வாசலில் புதைத்து வைத்த சின்ன இரும்புத் துண்டுக்கு மேலால் ஏழாம் நம்பரை ஆட்டினாள், அது வீ...ங் என்று அழுதது, அழுத உடனே கிழக்கிலிருந்து ஒரு முகில் வந்தது. பனை உயரத்தில் வந்தது. எருமைக்கன்று நிறம், ஒரு பாய் அகலம். வந்து ஏழாம் நம்பருக்கு நேர் மேலே நின்று, ஏழாம் நம்பருக்கு மட்டும் பெய்தது.

சுப்பவைசர் யூட் அண்ணை விசிலை ஊதிவிட்டார். மழை பெய்தால் லேனுக்குள் ஆள் நிற்கக்கூடாது, அது சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் வெளியே வந்தார்கள். வந்து பார்த்தால் வெயில் கொளுத்துகிறது.

"அண்ணை, மழை பெய்யுதோ பெய்யேல்லையோ, முதலிலை அதைச் சொல்லுங்கோ" என்றாள் அன்ரனிற்றா. ஆறு மாதக் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள், வாய்க்காரி.

"மழை எண்டால் மழைதான். எவ்வளவு அகலமெண்டு புத்தகத்திலை எழுதேல்லை."

"அப்ப நாங்கள் நனையாமல் வீட்டை போறமோ?"

"வாயை மூடடி" என்று சொல்லிவிட்டு யூட் அண்ணை வோக்கியை எடுத்தார். "ஓம் சேர். மழை சேர். ஒரு பாய் அகலம் சேர். இல்லை சேர், கூரையிலை ஓட்டை இல்லை, வெளியிலைதான் நிக்கிறம் சேர். இல்லை சேர், நான் குடிக்கேல்லை சேர்."

மெசின் சும்மா கிடந்தால் முகில் சும்மா நிற்கும். மெசின் அழுதால் பெய்யும். மெசின் போகிற இடமெல்லாம் போகும். இரண்டு நாளுக்குள் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. பவளராணி குடை கட்டிப் பார்த்தாள், கம்பி இரும்பு, மெசின் குடைக்கே அழுதது. மூங்கிலில் கிடுகுக் கூரை கட்டி நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், லேனுக்குள் ஒருத்திக்கு மேல் போகக்கூடாது என்று யூட் அண்ணை மறித்துவிட்டார். வாழையிலை கிழிந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் மெசின் அழ, மழை பெய்ய, விசில் ஊத, வெளியே வர, துடைக்க, காயவைக்க, திரும்பப் போக, இன்னொரு ஆணி. ஒரு பாய் இடம் முடிகிற நாளில் ஒரு சுளகு இடமும் முடியவில்லை.

"இண்டைக்கு எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று வல்லிபுரத்தார் கேட்டார்.

"நேற்றைய இடம்தான் அப்பு" என்றாள் பவளராணி.

ஆனால் ஊர் அந்த முகிலை வேறு மாதிரிப் பார்த்தது. எட்டு மாதம் காய்ந்த ஊரல்லவா. முதலில் மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வேலை முடிந்த பிறகு மெசினைத் தன் தோட்டப்பக்கம் ஒருக்கால் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். கொண்டுபோய் ஒரு மண்வெட்டிக்குக் கிட்டப் பிடிக்க அது அழுதது, முகில் பெய்தது, வதங்கின கன்றெல்லாம் தலை தூக்கியது. அதற்குப் பிறகு கேட்க வேணுமோ. பிள்ளைகளைக் குளிக்கவார்க்கக் கேட்டார்கள், மோட்டார்சைக்கிள் கழுவக் கேட்டார்கள், கோயிலில் திருவிழாவுக்கு வீதி தெளிக்கக் கேட்டார்கள், அடுத்த கிழமை மாதா கோவிலில் ஊர்வலம் வருகிற சுருவத்துக்கு முன்னால் கொண்டுபோகக் கேட்டார்கள், சந்திக் காவலரணில் நின்ற சிங்களப் பொடியன் தன் உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றும் பேசாமல் வரிசையில் நின்றான், பஸ்காரன் நிறுத்திச் சனத்தை இறக்கி முகம் கழுவவிட்டு ஏற்றிக்கொண்டு போனான். யூட் அண்ணை பாவம், மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த முப்பத்தொன்பது வளவுக்காரர், ஏழு வருசம் எங்களுக்குப் பலாப்பழமும் மீனும் கொண்டுவந்து தந்த சனம்.

சண்டை வரத் தொடங்க, குளத்துத் தண்ணியைப் பங்கிடுகிற வட்டவிதானை சங்கரப்பிள்ளை வந்தார். குளம் வற்றியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த மனிசன்.

"இது ஆற்றை மழை?" என்று முகிலை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள்.

"ஆற்றையும் இல்லையெண்டால் எல்லாற்றையும். எல்லாற்றையும் எண்டால் முறை வேணும்."

குளத்துக்குப் போடுவதுபோலவே முறை போட்டார். மேட்டுக்காரருக்குத் திங்கள், பள்ளத்துக்காரருக்குச் செவ்வாய், ஒரு தோட்டத்துக்கு மெசின் ஒன்பதுதரம் அழவேணும், எட்டும் இல்லை பத்தும் இல்லை. பின்னேரம் நாலு மணியானால் சைக்கிள் கரியரில் ஏழாம் நம்பர் ஏறும், மேலே முகில் கூடவே போகும், சனம் கும்பிடும், பிறகு மண்வெட்டியைப் பிடிப்பார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். பொழுதுபட என் அடுப்படிக்கு அது வரும்போது சொப்பிங் பாக்குக்குள் தண்ணி தளும்பும். நானும் பவளராணியும் அன்ரனிற்றா கொண்டுவந்த பிள்ளைத் துவாயால் துடைப்போம், அரிசி மாற்றுவோம், காய்ந்தது பாதி காயாதது பாதியாக விடியும்.

ஒரு வியாழக்கிழமை அது பொய் சொல்லிவிட்டது. பவளராணி முன்னால் கேட்டுக்கொண்டு போன இடத்தில் அது பேசவில்லை. அன்ரனிற்றா பின்னால் சுரண்டிக்கொண்டு வர, விறாண்டிப் பல்லில் ஒரு பச்சை விளிம்பு தட்டுப்பட்டது. சோடா மூடி அகலத்துக்குத்தான் தெரிந்தது. அன்ரனிற்றா கையை எடுக்கவில்லை, மூச்சும் எடுக்கவில்லை, "அக்கா" என்று மட்டும் சொன்னாள். அது வெடிக்கவில்லை, கடவுளே, வெடிக்கவில்லை. யூட் அண்ணை வந்து அதை எடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. வெளியே வந்து நிலத்தில் குந்தி, தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏழாம் நம்பர் காயுமட்டும் வேலை இல்லை. பொய் சொல்லுற சாமானோடை என்ரை பிள்ளையள் ஒருதரும் உள்ளுக்குப் போகேலாது."

"ஐப்பசி முடிய இருபத்தெட்டு நாள்தான் கிடக்கு அண்ணை" என்றாள் பவளராணி.

"எனக்கு எண்ணத் தெரியும்."

அன்று பின்னேரம் பூரணம் மாமி வந்தா. கையில் மடித்த நீலத் தறப்பாள் துண்டு. விரித்துப் பார்த்தால் இரண்டு முழம், விளிம்பு நேராக வெட்டினது, வெட்டின இடம் புதுசு. நான் எட்டிப் பார்த்தேன், அவவின் கொட்டில் கூரையில் இரண்டு முழத்துக்கு வானம் தெரிந்தது.

"மாமி, உது என்ன வேலை?" என்றாள் பவளராணி.

"பொலித்தீன் கிழியும் பிள்ளை. இது கிழியாது, மெசினைச் சுத்து. சின்னாக்கள் நனையக்கூடாது."

"மாரி வரப்போகுதெல்லோ. நீங்கள் எங்கை படுப்பியள்?"

"அந்த மூலையிலை அவர் படுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு மாமி போய்விட்டா.

பவளராணி அந்தத் துண்டை மடியில் வைத்து வெட்டின விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன், ஆறிப்போனது. பக்கத்தில் அன்ரனிற்றா, காலமை நடந்ததைப் பற்றி வாய் நிற்காமல், "எனக்கு அந்த நேரம் ஒண்டும் தோன்றேல்லை அக்கா, என்ரை குஞ்சின்ரை முகம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்க, றோட்டால் போன ஒருத்தியின் தோளில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அன்ரனிற்றா சட்டென்று இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினாள்.

"பாருங்கோ வெட்கக்கேட்டை. எவளின்ரை பிள்ளை அழுதாலும் எனக்குச் சட்டை நனையுது. கிளினிக் வரிசையிலை நிக்கேலாமல் கிடக்கு."

பவளராணி அவளுடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு மெல்ல அண்ணாந்து முகிலைப் பார்த்தாள்.

"எங்கடை பாவம்" என்றாள். "நாங்கள் பிள்ளையை நுள்ளி நுள்ளித் தாயிட்டைப் பால் கறந்திருக்கிறம்."

இதைக் கேட்ட பெண்டுகள் வாயில் கைவைத்தார்கள். பொழுதுபடுமுன் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. வட்டவிதானை வந்து, "நாளைக்குப் பள்ளத்தார் முறை" என்று சொல்ல, பள்ளத்து ஆச்சிமார் ஒருத்தரும் மண்வெட்டி கொண்டு வரவில்லை. "ஒன்பதுதரம் அழப்பண்ண உமக்கு மனம் வருமோ, நீரும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்று அவரைக் கேட்டார்கள். ஆண்கள் சிலர் மட்டும் முணுமுணுத்தார்கள். முகிலுக்கு என்ன பிள்ளை, இரும்புக்கு என்ன தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதை ஏன் கேட்கவேணும்.

அடுத்த நாள் பவளராணி மற்ற மெசின் ஒன்றின் காதுக்குழலைக் கழற்றி ஏழாம் நம்பருக்குப் பூட்டினாள். இப்போது அழுதால் அவளுக்கு மட்டும் கேட்கும், மேலே கேட்காது. கெட்டித்தனமான யோசனை என்று யூட் அண்ணைகூடத் தலையாட்டினார். ஆனால் பிள்ளையின் சத்தம் கேட்காத தாய் என்ன செய்வாள்? முகில் முதலில் அசையாமல் நின்றது. பிறகு அங்குமிங்கும் ஓடியது. பனை உயரத்திலிருந்து தென்னை உயரத்துக்கு வந்தது, தென்னை உயரத்திலிருந்து முருங்கை உயரத்துக்கு வந்தது, கறுத்தது, உறுமியது, கூரைகளுக்கு மேலால் தடவித் தடவித் தேடியது. நாங்கள் கண்டது மின்னல், அதுக்குக் கண். மூன்று நாள் அடித்த காற்றில் மாமியின் கொட்டிலின் மிச்சத் தறப்பாளும் பறந்து வேலியில் மாட்டியது, வல்லிபுரத்தார் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். அவரை என் அடுப்படிக்குத் தூக்கிவந்து படுத்தினோம். மூன்றாம் நாள் பவளராணி வெளியே வந்து காதுக்குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்புத் துண்டின்மேல் மெசினைப் பிடித்தாள். அது அழுதது. முகில் பாய்ந்து வந்து அதன்மேல் பெய்தது. பெய்த பிறகு, விக்கி விக்கி ஓய்கிற பிள்ளையைப்போல, சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு நின்றது.

"ஒளிக்கக்கூடாது" என்றாள் பவளராணி, முழுக்க நனைந்துபோய். "கேட்டு வாங்கவேணும்."

பவளராணிக்கு முன்னால் அவள் தாய்க்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தங்காத வயிற்றில் பிறக்கிற பிள்ளையை அயலுக்குத் தவிட்டுக்கு விற்கிறது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சுளகு தவிட்டை வாங்கிக்கொண்டு பெற்றவள் பிள்ளையைக் கொடுத்துவிடவேணும். கண்டம் கழியுமட்டும் அது வாங்கினவளின் பிள்ளை. பெற்றவள் தள்ளி நின்று பார்க்கலாம், அழுதாலும் ஓடி வரக்கூடாது, பால் கொடுக்கக்கூடாது. கண்டம் கழிந்த பிறகு அவள் தன்னால் ஏலுமான எதையாவது கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பவளராணி அப்படி விற்று மீட்ட பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தவிடி என்றுதான் பட்டம்.

அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு, ஆலையிலிருந்து வந்த புதுத்தவிட்டைச் சுளகு நிறையக் குவித்து, நடுவில் ஒரு செவ்வரத்தம்பூ வைத்து, முகாம் முற்றத்தில் வைத்தாள். ஊர் முழுக்க வேலியோரம் நின்றது. வட்டவிதானையும் நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பவளராணி ஏழாம் நம்பரை மாமியின் தறப்பாள் துண்டில் கழுத்துவரை சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னாள்:

"எணை, இந்தா தவிடு. உன்ரை பிள்ளையை எனக்குத் தா. இதுக்கு இப்ப கண்டம். நீ ஊட்ட ஊட்ட இதுக்குப் புத்தி பேதலிக்குது, அண்டைக்கு எங்கடை பிள்ளை ஒண்டைச் சாகக் குடுக்கப் பாத்தது. கிணத்தடி வரைக்கும் இது என்ரை பிள்ளை. நான் நனைய விடமாட்டன், விழ விடமாட்டன். நீ தள்ளி நிண்டு பார்."

உலை கொதிக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பிள்ளையும் இருமவில்லை. பிறகு முகில் ஏழாம் நம்பரை விட்டு நாலு அடி நகர்ந்து, சுளகுக்கு நேர் மேலே வந்து, அந்தத் தவிட்டுக்கு மட்டும், சுளகு விளிம்பு தாண்டாமல், பெய்தது. தவிடு களியாகியது, பூ மிதந்தது. விலையை வாங்கிக்கொண்டு அது முதுகைத் திருப்பி, தடிகளுக்கு வெளியே நின்ற பாலை மரத்துக்கு மேலே போய் நின்றது.

"ஊர் மழையை ஒரு சுளகு தவிட்டுக்கு வாங்கிப்போட்டியே, தவிடி" என்றார் வட்டவிதானை.

"மழையை வாங்கேல்லை அம்மான். பிள்ளையைத்தான் வாங்கினனான். மழை உங்கடைதான், போய்க் கேட்டுப் பாருங்கோ."

அவர் போய்க் கேட்டுப் பார்த்தாராம். முகில் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

இரண்டு நாள் அடுப்பு வெக்கையிலும் அரிசிக்குள்ளும் இருந்து ஏழாம் நம்பர் முழுக்கக் காய்ந்தது. இரும்புத் துண்டுக்குப் பத்துதரம் அழுதது, கல்லுக்கு வாய் திறக்கவில்லை. யூட் அண்ணை விசிலைப் பொக்கற்றுக்குள் போட்டார். இன்னும் இருபத்திரண்டு நாள்.

அந்த இருபத்திரண்டு நாளும் பாலை மரத்தடியைப் பார்க்க மனம் பொறுக்காது. லேனுக்குள் ஏழாம் நம்பர் ஒவ்வொருமுறை அழும்போதும் முகில் உதறும், ஒரு அடி முன்னுக்கு வரும், தன்னைத்தானே பிடித்து நிறுத்தும், ஒரு அடி பின்னுக்குப் போகும். கொடுக்காத மழையெல்லாம் உள்ளுக்குள் கட்டிப்போய் நாளுக்கு நாள் பெருத்தது; பாய் அகலம் வள்ளம் அகலமாச்சு, வள்ளம் அகலம் வீடு அகலமாச்சு, பால் கட்டின நெஞ்சுபோலக் கறுத்துக் கனத்துத் தாழ்ந்தது. ஊரில் மிளகாய் திரும்ப வதங்கியது, ஆனால் ஒருவரும் மண்வெட்டியோடு வரவில்லை. பின்னேரங்களில் பெண்டுகள் பாலை மரத்தடியில் போய் இருந்து, வாளியில்லாமல், கேட்க ஒன்றுமில்லாமல், சும்மா அதோடு கதைத்தார்கள். "பொறு பிள்ளை, துவைக்கிற கல்லுக்கு வந்திட்டினம்" என்றார்கள். "உன்ரை பிள்ளை நல்லா வேலை செய்யுதாம், இண்டைக்கு ரண்டு எடுத்ததாம்" என்றார்கள். கடைசியில் வட்டவிதானையும் ஒரு நாள் வந்து சால்வையை விரித்துக் குந்தி, தன் மூத்த மகன் கனடாவில் இருக்கிறான், பனி என்கிறான், குளிருக்கு என்ன உடுக்கிறானோ தெரியாது என்று முகிலுக்குச் சொன்னார்.

பதினொரு மிதிவெடி எடுத்தார்கள். ஐப்பசி முடிகிற அன்றைக்குக் கிணற்றுக்கட்டில் பவளராணியின் கை பட்டது. கிணற்றுக்குள்ளும் யூட் அண்ணை இறங்கிப் பார்த்து, வெடி ஒன்றுமில்லை என்று மேலே வந்தார். காய்ச்சல் விட்டாலும் கால் ஊன்ற முடியாத வல்லிபுரத்தாரைக் கதிரையோடு நாலு பெண்டுகள் தூக்கினார்கள். தடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தது. மாமி முன்னால் நடந்தா, ஒவ்வொரு அடியையும் மண்ணுக்கு நோகுமோ என்பதுபோல வைத்து வைத்து. கிணற்றுக்கட்டில் கதிரையை இறக்கினார்கள். கிழவர் எட்டிப் பார்த்தார்.

அடியில் வெடித்த சேறு. ஒரு தவளைகூட இல்லை.

 கிழவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லை பிள்ளையள், கிணறு கிணறுதானே" என்றார், சொல்லிவிட்டு வறண்ட உதட்டை நாக்கால் நனைத்தார்.

"அண்ணை, ஏழாம் நம்பர் மன்னாருக்கு வருதோ?" என்று பவளராணி யூட் அண்ணையைக் கேட்டாள்.

"இல்லை பிள்ளை. அங்கை புதுசு வருகுதாம். உது கழிச்ச சாமான்."

"அப்ப இதின்ரை கண்டம் கழிஞ்சுது."

எல்லோரையும் பத்து அடி பின்னுக்குப் போகச் சொன்னாள். கதிரையை மட்டும் நகர்த்த விடவில்லை. மாமியின் தறப்பாள் துண்டு சுற்றினபடியே ஏழாம் நம்பரைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, பாலை மரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எணை, பிள்ளையை மீட்க வாறதெண்டால் வெறுங்கையோடை வராதை. இந்தக் கிணத்தை முதலிலை பார்."

சொல்லிவிட்டுத் தட்டை மட்டும் வெளியே எடுத்து, துருப்பிடித்த கிணற்றுக் கப்பிக்குக் கிட்டப் பிடித்தாள். வீ...ங் என்று அது அழுதது, இருபத்திரண்டு நாளும் அழுததெல்லாம் சேர்த்து அழுததுபோல அழுதது. முகில் வந்த வருகையை எப்படிச் சொல்ல. தடியில்லை, பலகையில்லை, இனி மறிக்க ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டு, வயலும் மேடும் இருட்ட, மரமெல்லாம் ஒருபக்கம் சாய, வந்து கிணற்று வாய்க்கு நேரே நின்று, கட்டி வைத்த அவ்வளவையும் கிணற்றுக்குள் விட்டது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அடியில் சேறு குழைந்தது, தண்ணி எழும்பியது, கல் கல்லாக ஏறியது, பவளராணி ஒரு கையால் கிழவரின் தோளைப் பிடித்திருக்க, அவர் குனிந்து கைகளைக் கூட்டி அள்ளி ஒரு மிடறு குடித்தார், இன்னொரு மிடறு குடித்தார், மூன்றாவதை மாமியிடம் நீட்டினார், நீட்டின கையிலேயே மாமி வாய் வைத்துக் குடித்தா.

வட்டவிதானை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் பிள்ளை, கட்டு நிறைஞ்சிட்டுது" என்று முகிலுக்குச் சொன்னார். அது நின்றது. நின்று, இப்போது பாய் அகலத்துக்குச் சிறுத்துப்போய், பவளராணியின் தோளுக்கு மேலே வந்து, பெய்யாமல், காத்துக்கொண்டு நின்றது.

பவளராணி கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கினாள். தறப்பாளுக்குள் கையை விட்டுப் பெட்டி மூடியைத் திறந்து, இனி ஒருத்தரும் இதை அழப்பண்ண ஏலாதபடி, நாலு பற்றரியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அன்ரனிற்றாவின் பிள்ளைத் துவாயில் நனையாமல் சுற்றி இடுப்பில் செருகினாள். பிறகு தறப்பாளை உரித்தாள், சொப்பிங் பாக் இரண்டையும் உரித்தாள், அரிசிப் பொட்டலத்தை எடுத்து எறிந்தாள், ஏழாம் நம்பரை இரண்டு கையாலும், தலைப்பக்கம் சரியாமல் முழங்கையில் தாங்கி, மேலே தூக்கித் தாயிடம் கொடுத்தாள்.